நாற்பத்தோராம் பக்கத்துக் கீரை

சுக்கான் கீரையை அடையாளம் காண்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஐயா. சாலையோரம், வயல் வரப்பு, வாய்க்கால் கரை என்று எங்கே பார்த்தாலும் தானாக முளைத்துக் கிடக்கும். நீளமான இலை, ஓரம் அலை அலையாக இருக்கும். முற்றினால் தண்டு துருப்பிடித்த கம்பி நிறத்துக்கு வந்துவிடும். ஆனால் இதையெல்லாம் மட்டும் நம்பிவிடக் கூடாது. இலைக்காம்பு தண்டோடு சேரும் கணுவில், வெங்காயச் சருகு போல மெல்லிய உறை ஒன்று தண்டைச் சுற்றியிருக்கும். அது இல்லாவிட்டால் பறித்ததைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ள வேண்டியதுதான்.

இதெல்லாம் என் வீட்டுக்காரர் வாயால் கேட்டது. கல்லூரியில் தாவரப் பாடம் நடத்தியவர். 'இலை வாத்தியார்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் பார்வை மங்கத் தொடங்கி, இரண்டே வருஷத்தில் முழுசாகப் போய்விட்டது. அதிலிருந்து அவருக்குக் கண்ணும் நான், கையும் நான். தினமும் காலையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு சாலையோரமாக நடப்பார். நான் குனிந்து பறித்துக் கொடுப்பேன். அவர் தடவிப் பார்ப்பார், முகர்வார், சொல்வார். சொன்னது பதிவுக் கருவியில் ஏறும். வீட்டுக்கு வந்து அதைப் போட்டுக் கேட்டு, அவர் போடவிருந்த கீரைப் புத்தகத்துக்காக நான் எழுதுவேன், படம் வரைவேன்.

அவர் கெட்டவர் இல்லை. கை நீட்டியது கிடையாது, குரலைக்கூட உயர்த்தியதில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் "எங்க இருக்க?" என்பார், அவ்வளவுதான். குளித்துக்கொண்டிருந்தாலும் பதில் சொல்ல வேண்டும். சொல்லும்வரை அதே குரலில் கேட்டுக்கொண்டே இருப்பார். பாடப்புத்தகம் போடும் அலுவலகம் ஒன்றில் என் படங்களைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கூப்பிட்டார்கள். போனை அவர்தான் எடுத்தார். "அவளுக்கு வெளி வேலையெல்லாம் ஒத்துவராதுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லி வைத்துவிட்டார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

அவருடைய புத்தகத்தில் நாற்பத்தோராம் பக்கம் சுக்கான். உறையைப் பற்றி அவர் சொன்ன வரியை நான் எழுதாமல் விட்டேன். படத்திலும் சுக்கானை வரையவில்லை. அதற்குப் பக்கத்திலேயே முளைக்கும் இன்னொரு செடியை வரைந்தேன். இலை பார்க்க ஏறக்குறைய அதே மாதிரிதான் இருக்கும். அது விஷம்.

"உறையைத் தெளிவா வரைஞ்சியா?" என்று கேட்டார்.

"வரைஞ்சேங்க."

யாராவது விவரம் தெரிந்தவர் பார்த்துவிட்டுக் கடிதம் போடுவார், இவருக்கு மனசு விட்டுப்போகும், இனிச் செடியும் வேண்டாம் நடையும் வேண்டாம் என்று உட்கார்ந்துவிடுவார், எனக்குக் காலை நேரமாவது மிஞ்சும் என்று நினைத்தேன். புத்தகம் வெளிவந்த பிறகு எட்டு மாதம் காத்திருந்தேன். பாராட்டுக் கடிதங்கள்தான் வந்தன. அவற்றையும் நான்தான் படித்துக் காட்டினேன்.

நாலு வீடு தள்ளி ஒரு தையல்காரம்மா இருந்தாள். என் துணியெல்லாம் அவள் தைத்ததுதான். வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே ஓயாமல் கதை பேசுவாள். அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். கையில் ஒரு கட்டுக் கீரை, கக்கத்தில் புத்தகத்தோடு வந்து நின்றாள்.

"அக்கா, தண்டவாளத்து ஓரமா கொட்டிக் கிடக்கு. படத்துல இருக்கிறது இதுதானே? சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அடுப்புல வைக்கலாம்னு வந்தேன். எனக்கு ஏதாவது ஆயிட்டா எங்க வீட்டுக்காரர் அந்தத் தையல் மெஷினோடதான் குடும்பம் நடத்தணும்" என்று சிரித்தாள்.

"யாரு? என்ன கொண்டு வந்திருக்காங்க?" என்று உள்ளேயிருந்து அவர் கேட்டார். "இங்க குடு, தொட்டுப் பார்க்கறேன்."

கட்டை வாங்கிக் கணுவைப் பார்த்தேன். உறை இல்லை. நான் வரைந்த செடிதான், அச்சு அசலாக. அவர் விரல் பட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். இவள் படத்தைப் பற்றிச் சொல்லுவாள். பிறகு மிச்ச நாளெல்லாம் அந்தக் குரல், கொஞ்சம்கூடக் கோபமே இல்லாமல், ஏன் அப்படி வரைந்தாய் என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதை என்னால் தாங்க முடியாது, ஐயா.

"சுக்கான்தாங்க. நான் பார்த்துட்டேன்" என்று உள்ளே குரல் கொடுத்தேன்.

"நீ பார்த்தா சரி" என்றார்.

அவள் சந்தோஷமாகப் போனாள். நாலே வீடு. பின்னாலேயே போய்ச் சொல்லியிருக்கலாம், மத்தியானம்வரை நேரம் இருந்தது. துணி ஊறிக் கிடந்தது, வெயிலும் நன்றாக அடித்தது. துவைத்துக் காயப்போட்டேன். மூன்று மணிக்குத் தெருவில் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைக்கவில்லை. அவளும் போய்விட்டாள், கூடச் சாப்பிட்ட அவள் மாமியாரும் போய்விட்டார்.

"உறையைப் பத்தி நான் சொன்னேனே?" என்று இவர் கேட்டார்.

"இல்லைங்க, சொல்ல மறந்துட்டீங்க. நீங்க சொன்னபடிதான் வரைஞ்சேன். அந்தப் படத்தை வச்சுத்தான் அவகிட்டயும் சரின்னேன். வயசாச்சு இல்லையா."

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் உங்கள் போலீஸ்காரர்களிடம் குற்றமெல்லாம் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார். அவ பாவம், நான் சொன்னதைத்தான் எழுதினா என்றார். அந்தக் காகிதத்தை அவருக்குப் படித்துக் காட்டியது நான்தான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவர் விரலைப் பிடித்து வைத்ததும் நான்தான்.

பதிவுக் கருவி அலமாரியில் இருந்தது எனக்கு நினைவே இல்லை. நீங்கள் அதை எடுத்துப் போட்டுக் கேட்டிருக்கிறீர்கள். உறையைப் பற்றி அதில் இரண்டு தரம் சொல்கிறார் அல்லவா, அது சரிதான். அவர் எதையும் மறக்கிறவர் இல்லை.

அவரை நீங்கள் கூட்டிப்போய் மூன்று வாரம் ஆகிறது. வீட்டில் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. ஆனாலும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் "இங்கதான் இருக்கேன்" என்று வாய் தானாகச் சொல்கிறது. வெளியே போகலாம் என்று இரண்டு முறை செருப்பு மாட்டினேன். எங்கே போவது என்று தெரியவில்லை, கழற்றி வைத்துவிட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள், நான் மறைக்கவில்லை. ஆனால் கெட்ட எண்ணத்தோடு செய்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். முப்பத்தோரு வருஷமாகக் கேட்டதற்கெல்லாம் ஆமாம் சொல்லியே பழகினவள் நான். இதுதானே என்று அந்தப் பெண் கேட்டாள், ஆமாம் என்றேன். அதைத் தவிர நான் என்ன செய்துவிட்டேன், ஐயா?