பசுமை மயானம்

அந்த மூலையில் ஓடுகிற மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள், மேடம். அதன் அடியில் யாரும் உட்காரவில்லை. காலி நாற்காலிக்குக் காற்று எதற்கு? எந்த அரசாங்கக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் விசிறியைத்தான் தேடும், பழக்கதோஷம். நீங்கள் கேட்டதையெல்லாம் சொல்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை, அடிக்கவில்லை என்றும் எழுதிக்கொள்ளுங்கள். நடுநடுவே நிறுத்திக் கேள்வி மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்கிறவர்கள் பதிலைக் காதில் வாங்குவதே இல்லை.

என் பெயர் பரசுராமன். எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பினால் வருகிற மின் மயானத்தில் மேற்பார்வையாளர். அதற்கு முன்னால் நீரேற்று நிலையத்தில் பம்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். மயானத்துக்கு மாற்றியபோது என் மச்சினன் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து கையைப் பிடித்தான். பிறகு எங்கே வேலை என்று ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டான். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. பம்ப் ஆனாலும் உலை ஆனாலும் இயந்திரம் இயந்திரம்தான். தொல்லை தருவது மனிதர்கள்தான்.

போன வருஷம் மண்டல அலுவலகத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். மின்சாரத்தைச் சேமிப்போம், சுற்றுச்சூழலைக் காப்போம் என்று பேனர். ஜன்னல்களையெல்லாம் அடைத்து, உடம்பு விறைக்கிற அளவுக்கு ஏசியை வைத்து, பட்டப்பகலில் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு பேசினார்கள். திரையில் ஒரு பனிக்கரடியைக் காட்டி, பாவம், அதற்கு நிற்க இடமில்லை என்றார்கள். என் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டால் மாலைக்குள் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்துவிடும். அதைப் பற்றி யாரும் படம் போடவில்லை. பள்ளிக்கூடத்துக்காரர், பூங்காக்காரர், பம்ப் ஹவுஸ்காரர், நான், எல்லோரும் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டு பனிக்கரடிக்காக வருத்தப்பட்டோம்.

கூட்டத்தின் முடிவில் போட்டி ஒன்றை அறிவித்தார்கள். எந்த இடத்தில் மின்சாரச் செலவு அதிகமாகக் குறைகிறதோ அதற்குக் கேடயம், பட்டம். பள்ளிக்கூடம் என்றால் பசுமைப் பள்ளி, மயானம் என்றால் பசுமை மயானம். அந்தப் பெயரைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் பொறியாளர் அன்பரசன், என் மகன் வயது, வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டார். "சார், கரண்ட் பாதியாகணும். எப்படின்னு நான் கேக்க மாட்டேன்" என்றார். சும்மா சொல்லக்கூடாது, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கடைசிவரைக்கும் கேட்கவே இல்லை.

உலையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது. சூடேறுகிறவரைக்கும்தான் அது மின்சாரத்தைக் குடிக்கும். ஏறிவிட்டால் பசி குறைந்துவிடும். ஓர் உடலுக்கும் அடுத்த உடலுக்கும் நடுவே ஆறவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஆறவிடுவது யார்? துக்கப்படுகிறவர்கள். பத்து மணிக்கு வருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு தெருமுனையிலும் வண்டியை நிறுத்தி ஆடுவார்கள், பூவை அள்ளி ரோடெல்லாம் இறைப்பார்கள். பெற்றவனுக்கு ஒரு வேளைச் சோறு போடாத மகன் பெட்டி பெட்டியாகப் பட்டாசு கொளுத்துவான். இங்கே காலி உலை எரிந்துகொண்டிருக்கும். நான் ஓடுகிற மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அதனால் முதலில் சின்னதாக ஒரு மாற்றம் செய்தேன். உடல் வந்ததும் உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பின்பக்க அறையில் வைத்துக்கொள்வேன். நாலைந்து சேர்ந்த பிறகு ஒரே சூட்டில் முடித்துவிடுவேன். பின்னால் யோசித்துப் பார்த்தேன். தள்ளுவண்டியில் ஒருவரைப் படுக்கவைத்தால் பாதி இடம் காலியாகக் கிடக்கிறது. நம் பக்கத்து ஆட்கள் ஒன்றும் கொழுத்தவர்கள் இல்லை. உயிரோடு இருக்கும்போது ஷேர் ஆட்டோவில் மடிமேல் மடியாக உட்கார்ந்து வந்தவர்கள்தானே? இரண்டு பேராகப் படுக்கவைத்தேன். ஒருவரும் குறை சொல்லவில்லை.

இரண்டு பேராகப் போட்டால் சாம்பல் கலந்துவிடும் என்பீர்கள். கலக்கும். சாம்பலுக்கு என்ன முகமா இருக்கிறது? எல்லாவற்றையும் ஒரு பீப்பாயில் கொட்டி வைத்தேன். வருகிறவர்களுக்கு அதிலிருந்து அள்ளி, ஒரு மணிநேரத்தில் பானையைக் கையில் கொடுத்துவிடுவேன். உடல் பின்பக்க அறையிலேயே இருக்கும், பானை வீட்டுக்குப் போய்விடும். இவ்வளவு சீக்கிரமா என்று ஒருவன்கூடக் கேட்டதில்லை. சீக்கிரம் கொடுத்ததற்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். எலும்பில் வைத்த கம்பி, திருகாணி என்று கிடைப்பதையெல்லாம் ஒரு சாக்கில் சேர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டேன். போட்டிக்கு அனுப்புகிற அறிக்கையில் அதற்கு மறுசுழற்சி என்று ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார்கள்.

உலையை இயக்குகிற செங்குட்டுவனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "பாவம் சார் இது. நம்பி குட்த்துட்டு போறாங்கோ" என்றான். பாவத்துக்கு மின்கட்டணம் கிடையாது என்று சொன்னேன். அவனுக்கு மூன்று பெண்கள், வேலை நிரந்தரம் இல்லை. திரும்பிப் போய் அடுத்த தள்ளுவண்டியைத் தள்ளினான். மின்சாரம் பாதிக்கும் கீழே போனது. அன்பரசன் வந்து மீட்டரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வந்து மயானத்துச் சுவரில் பச்சை இலை வரையச் சொன்னார்கள். மண்டலத்தில் நாங்கள்தான் முதலாவது என்று தெரிந்துவிட்டது. மதிப்பீட்டுக் குழு வந்து பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

கன்னியம்மா அப்போதுதான் வந்தாள்.

வியாசர்பாடியில் வாரியக் குடியிருப்பு. துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டிருந்த எழிலன் என்று ஒரே மகன், மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அவர்கள் புத்த மதம். பட்டாசு இல்லை, ஆட்டம் இல்லை. வெள்ளைச் சேலையில் வந்தாள், கூட நாலு பேர். மெழுகுவத்தி ஏற்றி மெதுவான குரலில் ஏதோ சொன்னார்கள், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு இவர்கள் பரவாயில்லை என்று நினைத்தேன். அதனால் அவளுக்குப் பானையைக் கொஞ்சம் தாராளமாகவே நிரப்பிக் கொடுத்தேன். அவள் மகன் அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தான். மறுநாள் மதியம்தான் அவன் முறை வந்தது.

இரண்டு நாள் கழித்துப் பானையோடு திரும்பி வந்தாள். எழிலனுக்கு முன்பு லாரி விபத்தில் தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கம்பி வைத்திருந்தார்களாம். கடலில் கரைக்கும் முன்பு அந்தக் கம்பியைக் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்று துழாவியிருக்கிறாள். கம்பி இல்லை. எரிந்துபோயிருக்கும் என்றேன். "இரும்பு எரியாது நைனா, டாக்டரே சொல்லிகீறாரு" என்றாள். சரி, சாக்கில் கை விட்டு ஒரு கம்பியை எடுத்துக் கழுவிக் கொடுத்தேன். வேறு யாராக இருந்தாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டு போயிருப்பார்கள். இவள் அதைத் தன் தொடைமேல் வைத்துப் பார்த்தாள். என் மகன் நல்ல உயரம், இது யாரோ குட்டையானவர்களுடையது என்று திருப்பித் தந்துவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் வந்தாள். கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில், இலை வரைந்த சுவரோரம், பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். எல்லாம் ஒன்றுதான், கொண்டுபோய்க் கரைத்துவிட்டு வேலையைப் பார் என்று ஒருநாள் சொன்னேன். அப்போது அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"வேற யாரோ பெத்த புள்ளைய நான் எப்டி நைனா கடல்ல வுடுவேன்? அவுங்க ஆத்தா தேடிகினு இருக்க மாட்டா? எம்புள்ள எங்க கீறான்னு மட்டும் சொல்லு. நான் போயிகினே இருப்பேன்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். உன் மகன் கொஞ்சம் பீப்பாயில் இருக்கிறான், கொஞ்சம் பல பேர் பானையில் ஏறிக் காசிமேட்டில் கரைந்துவிட்டான் என்று. அதைத் தாங்குகிற அறிவு அவளுக்குக் கிடையாது. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, மேடம். அருவருப்புதான் வந்தது. அந்த மகன் இருந்த காலத்தில் அவன் இருமினால் திரும்பிப் பார்க்க ஊரில் ஆள் இல்லை. செத்த பிறகு அவனுடைய ஒரு பிடி சாம்பலுக்காக ஓர் அலுவலகமே நின்றுபோக வேண்டுமாம். நாலு பேர் அவளிடம் நின்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். தன் வீட்டுப் பானையையும் ஒருவன் கொண்டுவந்து, இது எங்கள் அப்பாதானா என்று கேட்டான்.

குழு வருகிற நாள் காலையிலும் அவள் அங்கேதான் இருந்தாள். அன்பரசன் போன் செய்தார். "கேட்டாண்ட ஒரு லேடி உக்காந்திருக்காங்களாமே. கிளியர் பண்ணிடுங்க சார்." எப்படி என்று இவர் எப்போதாவது சொன்னதுண்டா? குழுவுக்குப் போட மாலை வாங்கிவர செங்குட்டுவனை ராயபுரத்துக்கு அனுப்பினேன். பிறகு கேட்டுக்குப் போய், வா, உன் மகன் எங்கே போனான் என்று காட்டுகிறேன் என்றேன். உடனே எழுந்து வந்துவிட்டாள். எனக்குக் கும்பிடுகூடப் போட்டாள்.

காலையில் வந்த ஒரு கிழவர் தள்ளுவண்டியில் இருந்தார், அவர் வீட்டு ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். உலை நல்ல சூட்டில் இருந்தது. கதவைத் தூக்கிக் காட்டினேன். அவள் பானையைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே போனாள். "இதுக்குள்ளாறதான் போனானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அது பொய்யில்லை. அந்த அனலில் எங்களுக்கே தலை சுற்றும். அவள் பல நாள் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டாள். சத்தம் இல்லாமல் அப்படியே மடங்கி விழுந்தாள்.

வெளியே குழாய் இருந்தது, தண்ணீர் தெளித்திருக்கலாம். எதிரே ஆட்டோ ஸ்டாண்ட். என் பையில் போன். இதையெல்லாம் நீங்கள் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் என் இடத்தில் நின்று பாருங்கள். தெளித்தால் எழுந்திருப்பாள், எழுந்தால் மறுபடி கேட்டுக்குப் போய் உட்காருவாள், குழு வந்து என்னம்மா என்று கேட்கும். எங்கே மகன், எங்கே கம்பி என்று ஆரம்பிப்பாள். ஒரு வருஷ உழைப்பு. இந்த மண்டலத்தில் பேனர் கட்டாமல், படம் காட்டாமல், நிஜமாகவே மின்சாரத்தை மிச்சம் பிடித்தவன் நான் ஒருவன்தான். தள்ளுவண்டியில் கிழவருக்குப் பக்கத்தில் பாதி இடம் காலியாக இருந்தது.

உயிர் போய்விட்டது என்று முடிவு செய்தேன். நான் பார்த்த பிணங்களை எந்த டாக்டரும் பார்த்திருக்க மாட்டார். அவளைத் தூக்கியபோது எடையே தெரியவில்லை. கிழவருக்குப் பக்கத்தில் படுக்கவைத்து, அவருடைய வெள்ளைத் துணியை இழுத்து இரண்டு பேருக்கும் சேர்த்துப் போர்த்தினேன். அவள் கொண்டுவந்த பானையைப் பீப்பாயிலேயே கொட்டினேன், எதையும் வீணாக்கவில்லை. செங்குட்டுவன் மாலையோடு வந்தபோது கதவு மூடியிருந்தது. குழு வந்தது, மீட்டரைப் பார்த்தது, இளநீர் குடித்தது. ஓர் அம்மாள் சுவரில் இருந்த இலைகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். மற்ற ஊர்களும் எங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

மறுநாள் காலை சாம்பல் தட்டை வெளியே இழுத்த செங்குட்டுவன் கருகிப்போன சாவி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். "சாவி எட்த்துகினு யாரு சார் எரிய வர்றாங்கோ?" என்று கேட்டான். அவள் அதை இடுப்பில் செருகியிருப்பாள் என்பது அவளைத் தூக்கும்போது எனக்குத் தோன்றவில்லை. நான் பதில் சொல்வதற்குள் அவன் கேட்டைத் திரும்பிப் பார்த்தான். சுவரோரம் யாரும் இல்லை. வேலை போய்விடும் என்று தெரிந்தும் நேராக உங்களிடம் வந்திருக்கிறான். அந்தச் சாவி வியாசர்பாடியில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தது என்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

சாம்பல் விஷயம், கம்பி விஷயம், எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொலை என்று எழுதாதீர்கள். அதற்குக் கோபமோ விரோதமோ வேண்டும், எனக்கு அவளிடம் இரண்டும் கிடையாது. வந்ததிலிருந்து நீங்கள் ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள், உள்ளே தள்ளும்போது உயிர் இருந்ததா என்று. செத்த உடம்பை எரிப்பதுதான் என் வேலை, அதைத்தான் செய்தேன். கதவு பாதி இறங்கும்போது "எழிலு" என்று கூப்பிட்டாள். மகனைத்தான் கூப்பிட்டாள், மேடம், என்னை இல்லை. அதனால் நான் பதில் சொல்லவில்லை.