இருதயராஜின் முத்திரை

ஒரு சின்னக் கதை சொல்றேன், கேளுங்க... சிரிப்பு வர்ற கதை இல்லை.

காந்திமதின்னு ஒரு அதிகாரி. ராணுவத்துக்கு பாராசூட் வாங்கி அனுப்புற கிடங்குக்கு மாற்றலாகி வந்தாங்க. அதுவரைக்கும் சம்பளப் பிரிவுல இருந்தவங்க. பாராசூட்டை சினிமாவுலதான் பார்த்திருக்காங்க!

வந்த அன்னிக்கே பரிசோதனைக் கூடத்துக்குள்ள போறாங்க. பட்டப்பகல்... ஆனா ஆள் அரவமே இல்லை. நீள மேசைங்க. காலி நாற்காலிங்க. சுவரோரம் கூரை வரைக்கும் பெட்டிங்க. எல்லாப் பெட்டியிலயும் ஒரே முத்திரை... 'பரிசோதித்தேன், சரி. இருதயராஜ்.'

கூட வந்த எழுத்தர் வேலாயுதம் சொல்றார், "போன வாரம் வந்த சரக்கு மேடம். நாளைக்கு அனுப்பணும். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

"ஒண்ணைத் திறங்க. பார்க்கணும்."

திறந்தாங்க. துணியைக் கொக்கியில மாட்டி மேல ஏத்தினாங்க. ஜன்னல் காத்து உள்ள புகுந்துச்சு... துணி மெதுவா உப்புது... அடங்குது... உள்ள யாரோ மூச்சு விடற மாதிரி. அவ்வளவு பெரிய துணிக்கு நடுவுல ஒரு கிழிசல். காந்திமதி கையை விட்டாங்க. முழங்கை வரைக்கும் போகுது!

"இருதயராஜைக் கூப்பிடுங்க."

வேலாயுதம் பெட்டி மேல இருந்த முத்திரையையே பார்க்கிறார்.

"கூப்பிடுங்கன்னு சொல்றேன்ல?"

"மேடம்... அவர் போன ஈஸ்டருக்கே இறந்துட்டாரு."

"அப்ப... போன வாரச் சரக்கை யாரு பார்த்தது?"

"யாரும் பார்க்கலை மேடம். அவருக்கப்புறம் ஆளே போடலை. எங்களுக்கு அந்த வேலை தெரியாது. முத்திரை மட்டும் மேசையில இருந்துச்சு..."

சரக்கு நிக்குதுன்னு தெரிஞ்சதும் மேலதிகாரி போன்ல கத்துறார்: "ஜவானுங்க காத்திருக்காங்கம்மா! கையெழுத்தைப் போட்டு அனுப்புங்க!"

"எனக்கும் இந்த வேலை தெரியாது சார். அதனாலதான் போடமாட்டேன்."

கூடத்தைப் பூட்டிட்டாங்க. வேலை தெரிஞ்சவங்க வெளியூர்லேருந்து வந்து பிரிச்சுப் பார்த்தா... பெட்டிக்குப் பெட்டி கிழிசல். காந்திமதி மெதுவாக் கேட்டாங்களாம், "ஈஸ்டருக்கப்புறம் இங்கேருந்து போனதெல்லாம்...?"

அதுக்கு பதில் சொல்ல அங்க ஆளில்லை.

அதிகாரிகளே, தோழர்களே! ஆள் இல்லேன்னா வேலை நின்னுடும்னு நினைக்கிறோம். நிக்காதுங்க... நிக்காது! அது பாட்டுக்கு நடக்கும். கண்ணில்லாம நடக்கும். அதுதான் பயம். ஆளைப் போடுங்க. போட்ட ஆளுக்கு வேலையைக் கத்துக்கொடுங்க. ஏன்னா... வானத்துலேருந்து குதிக்கிறவன், யாரோ ஒருத்தர் பார்த்திருப்பாங்கன்னு நம்பித்தான் குதிக்கிறான்.