பாவா வரும் நாட்களில் மட்டும்

திருத்தணியிலிருந்து அம்மையார்குப்பம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருவர் இருந்தார்கள். கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்திருந்த இளைஞன் தன் அக்கா புருஷனிடம் சொன்னான்:

"நீ வராத நாள்ல இது ஒரு தடவகூட ஆஃப் ஆவல பாவா."

"நான் தறி ஓட்ட வரேன் மச்சான். ஒன் பிரவுசிங் சென்டர எட்டிக்கூடப் பாக்கறதில்ல."

"பசங்க ஆன்லைன்ல சண்டை கேம் ஆடிகினு இருக்கறப்ப டப்புனு ஆஃப் ஆயி, திரும்ப ஆன் ஆவுது. ரேம் மாத்திட்டேன், விண்டோஸும் புதுசா போட்டுட்டேன். திருத்தணி கடைக்காரன் ரெண்டு நாள் ஓட்டிப் பாத்துட்டு, ஒண்ணுமே இல்லன்றான். இப்பிடியே போனா பசங்க வேற சென்டருக்குப் போயிடுவானுங்க."

"அதுக்கு என்மேல சந்தேகமா? உங்கக்கா மூணு நாளா எங்கூட பேசறதில்ல. நீதான போட்டுக் குடுத்த?"

இளைஞன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சரி, சென்டருக்குக் கரண்டு எங்கேந்து எடுத்த?"

"சுவத்துக்கு அந்தாண்ட, உங்க தறி ஷெட்லேந்துதான்."

"நான் மோட்டார் போடறப்பல்லாம் ஷெட்ல லைட்டே மங்கிப்போவுது. ஒன் பெட்டி மட்டும் எப்பிடிடா தாங்கும்?"

இளைஞன் மறுபடி அவர் பக்கம் திரும்பினான்.

"ஒரு நாள் தறிய நிறுத்திட்டு எம் பக்கத்துல வந்து உக்காரு. பாத்துடலாம்."

"ஆங், உக்காரறேன். ஆஃப் ஆவலன்னா, உங்கக்காகிட்ட நீயே வந்து என்மேல தப்பில்லன்னு சொல்லணும்."

"சொல்றேன் பாவா. ஆனா ரெண்டு கையும் என் கண்ணுக்குத் தெரியறாப்பல வெச்சிகினு உக்காரணும்."