சொர்ணம்மாளுக்கு வாய்க்காத மதாம்மா

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை. முதல்நாள் மாலை பிடித்த மழை, காலை எட்டு மணிக்கும் விடாமல் நூல்நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்தில், வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாவாகிய ராக்ஸ்பரோ விடுதியின் உணவுக்கூடத்தில் ஒரே ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது. அதன் எதிரே, தணிக்கை வேலையாகத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த கணக்காளர் பத்மகுமார் வெள்ளைச் சட்டையில், தோசைத் தட்டோடு அமர்ந்திருந்தார். அதே ஊர் ஆரியசாலைக் கடைத்தெருவின் மொத்த வியாபாரி கோலப்பனின் மனைவி சொர்ணம்மாள் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவ்விடுதியின் பெயர்பெற்ற பேயாகிய மதாம்மாவை, அந்த வெள்ளைக்காரியைக் காண்பதற்கென்றே அறை எடுத்துத் தங்கியும், அது அவளுக்குத் தரிசனம் தரவில்லை. அந்தக் குறையை யாரிடமாவது இறக்கி வைக்காமல் அவளுக்கு இட்லி இறங்காது.

"...இல்ல, நீங்களே சொல்லுங்கோ தம்பி, இது ஞாயமா? பேய் உண்டுன்னு சொல்லித்தானே ஆளக் கூப்பிடுகாவ? படிக்கட்டுல போர்டு வேற! 'மதாம்மா நடந்த மாடிப்படி'ன்னு. நடந்தாளாம்! நான் கண்ணுல எண்ணெய ஊத்திக்கிட்டு உக்காந்திருந்தேன், ஒரு செருப்புச் சத்தம்? ஊஹும்! ஒரு பல்லி கத்திச்சு. பல்லி எங்க வீட்லயும்தான் கத்துது. அதுக்கு இங்க வரணுமா?

ஒரே ஒரு தடவ, கண்ணாடியில வெள்ளையா ஒண்ணு நின்னுது. ஆஹா, வந்துட்டாடின்னு எந்திரிச்சேன் பாத்துக்கிடுங்கோ... நான்தான்! தலையில துண்டு கட்டிக்கிட்டு நான்தான் நிக்கேன்!

சிரிக்காதீங்கோ. அந்த ரிசப்ஷன்ல இருக்காளே ரேஷ்மி, அவளும் இப்படித்தான் சிரிச்சா. 'மோளே, மதாம்மா எப்போ வரும்?'னு கேட்டேன். 'அம்மச்சி, அதொக்கெ வெறும் கதயல்லே'ங்கா. எல்லாம் கட்டுக்கதையாம்! அப்போ என் நாத்தினா பாத்தது?

ஆங், அதச் சொல்லலியே! சுப்புலக்ஷ்மின்னு பேரு. எங்க வீட்டுக்காரருக்கு மூத்தவ. மருமகன் ரூம் போட்டுக் குடுத்தான்னு முந்தி இங்க வந்து தங்கினா. வெள்ளக் கவுனு போட்ட மதாம்மா தலமாட்டுல வந்து நின்னு, 'ஹூ ஆர் யூ?'ன்னு கேட்டுதாம். இவ அஞ்சாங்கிளாஸ் தாண்டல, இங்கிலீஷ்ல பதில் சொன்னாளாம்! போகட்டும்... அன்னையிலேருந்து ஒரு கல்யாணம் உண்டா, ஒரு வளைகாப்பு உண்டா, பந்தி முடிஞ்சா நடுக்கூடத்துல நாற்காலியப் போட்டிருவா. சுத்தி ஒரு படை. 'மதினி, அந்த மதாம்மா கதயச் சொல்லுங்கோ மதினி!' அவ ஒடனே தொடங்க மாட்டா, கேட்டேளா. வெத்தலைய எடுப்பா. காம்பக் கிள்ளுவா. சுண்ணாம்பத் தடவுவா. எல்லாரும் கெஞ்சணும்! போன தடவ நான் புது வைர மூக்குத்தி போட்டுட்டுப் போனேன், ஒரு நாதி திரும்பிப் பாக்கல.

நாளான்னிக்கு நாகர்கோயில்ல கொழுந்தன் மகளுக்குக் கல்யாணம். அவ வருவா. நாற்காலி போடுவா. எங்கிட்ட சொல்லதுக்கு ஒரு கதை இல்லேன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த மண்டபத்துல ஏறுவேன்? அதுக்குத்தான் இங்க வந்தது. 'நீங்களும் வாங்கோ'ன்னு அவரக் கூப்பிட்டேன். 'எனக்கு வீட்லயே ஒண்ணு இருக்கு, அது போதும்'ங்காரு. பேச்சப் பாருங்கோ!

என்ன, மணி பாக்கேளா? இருங்கோ, இப்பந்தானே உக்காந்தேன். அய்ய, அந்தச் சட்னியத் தொடாதீங்கோ, தேங்கா புளிச்சிருக்கு. சாம்பாரும் வேண்டாம், இனிக்குது. தோசையும் ஆறிட்டுதே... வைங்கோ, வைங்கோ, வேற கொண்டாரச் சொல்லுவோம்.

நான் என்ன கொறை வச்சேன், சொல்லுங்கோ? எல்லாம் முறைப்படி செஞ்சிட்டுத்தானே வந்தேன்! வர்ற வழியில ஆட்டோவ பழவங்காடியில நிறுத்தி, பிள்ளையாருக்கு ஒரு கூடை தேங்கா எறிஞ்சேன். 'பிள்ளையாரப்பா, ஒரு துஷ்டமும் என்னை அண்டப்பிடாது, நீதான் பக்கத்துல இருந்து காக்கணும்'னு மனசுருகக் கேட்டேன். பிரசாதத்தத் தலவாணிக்கடியில வச்சேன். வாசப்படியில திருநீறு போட்டேன். ஜன்னல்லயும் போட்டேன். ரேஷ்மிய சாம்பிராணி கொண்டாரச் சொல்லி, மூலை மூலையா...

அட.

அடப் பாவி மதாம்மாவே... நீ எப்படிட்டீ வருவே! வாசல் ஜன்னல் எல்லாத்தையும் நானில்லா அடச்சிருக்கேன்! தம்பி, கேட்டேளா இந்தக் கூத்த? இருங்கோ, இதுக்கு ஒரு காப்பி குடிக்கணும். ஏ மோனே! இங்க ரெண்டு காப்பி! சீனி கொறச்சு!"

அடுக்களைப் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டு அவள் மறுபடி இந்தப் பக்கம் பார்த்தபோது, எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

நடந்தது வேறொன்றுமில்லை. பத்மகுமாருக்குத் தணிக்கைக்கு நேரமாகிவிட்டிருந்தது. விடைபெற்றுக்கொள்ள அவர் பலமுறை வாய் திறந்தும் சொல் நுழைய இடம் கிடைக்கவில்லை. ஆகவே அவள் திரும்பிய கணத்தில் பையை எடுத்துக்கொண்டு பக்கவாசல் வழியாக மழையில் இறங்கிவிட்டார், பசியோடுதான். சொர்ணம்மாள் காலி நாற்காலியைப் பார்த்தாள். கை வைக்கப்படாத தோசையைப் பார்த்தாள். மறுபடியும் நாற்காலியைப் பார்த்தாள். பிறகு இரண்டு காப்பியையும் தானே நிதானமாகக் குடித்து முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, நாகர்கோவில் திருமண மண்டபத்தில் பந்தி முடிந்தது. சுப்புலக்ஷ்மி வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருக்கையில், பக்கத்து நாற்காலியிலிருந்து சொர்ணம்மாள் மெல்லத் தொடங்கினாள்.

"எனக்கு நேர் எதிர்ல உக்காந்திருந்தாரு மதினி. நல்ல பகல் வெளிச்சத்துல. வெள்ளச் சட்டை. நான் அவ்வளவு பேசுகேன், அவரு ஒரு வார்த்தை பேசல. தோசைய ஒரு விள்ளல் தின்னல. காப்பி சொல்லதுக்குத் திரும்பினேன். இந்தா, இப்படித் திரும்பினேன்... ஆளில்ல."

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கூட்டம் நாற்காலிகளை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டது. சுப்புலக்ஷ்மி சுண்ணாம்பு தடவ மறந்து, வெறும் வெற்றிலையை வாயில் போட்டு மென்றாள்.

மறுவாரம் சுப்புலக்ஷ்மி ராக்ஸ்பரோ விடுதியைத் தொலைபேசியில் அழைத்தாள். அறை வேண்டாம் என்றாள். காலைச் சிற்றுண்டிக்கு ஒரு மேசை மட்டும் போதும், எதிரே ஒரு நாற்காலி கட்டாயம் இருக்க வேண்டும் என்றாள்.