அடுப்புல போட்ட வேல்

இல்லீங்கணா, நான் கண்ணால பாக்கல. அத்த மொதல்லயே சொல்லிடறேன். விபத்து நடந்த அன்னிக்கு நான் எங்க கம்பெனி ஷெட்டுலயே இல்ல, சாம்பிள் எடுத்துகினு மெட்ராஸ் போயிருந்தேன். பெருமாள் அண்ணன் சொன்னதத்தான் உங்ககிட்ட சொல்றேன். அவரு பம்பு பாத்துக்கறவரு, பக்கத்துல நின்னவரு. பொய் பேசற ஆளு இல்ல. ஆனா கேட்டது கேட்டதுதான, பாத்தது ஆவாதே.

ஐயோ, போலீசெல்லாம் இல்லீங்க. உங்கள மாட்டி வுட வரல. பூ கேக்கறாங்க பாருங்க, குடுத்து அனுப்புங்க, நான் ஓரமா நிக்கறேன்.

ஆங். அதோ மேல தொங்குதே, முழங்கை நீளத்துக்கு, அந்த செம்பு வேல் பத்திதான் கேக்கணும். வாங்கத்தான் போறேன். அதுக்கு முன்னாடி நீங்க கொஞ்சம் கேளுங்க.

எங்க கம்பெனியில செம்ப சுத்தம் பண்றோம். இல்லீங்க, பளபளன்னு தேய்க்கறது இல்ல. உருக்கி சுத்தம் பண்றது. வர்றதே நல்ல செம்புதான். ஆனா அதுக்குள்ளயும் காத்து கரஞ்சி இருக்கும், துளி ஈயம் இருக்கும். உங்க வூட்ல கரண்ட் அடுப்பு இருக்கில்ல, இண்டக்‌ஷன் ஸ்டவ்வு? அதே சமாச்சாரம்தான், அண்டா சைஸுல, ஒரு இரும்பு டேங்குக்குள்ள. மூடிய போட்டுட்டு உள்ள இருக்கற காத்த பூரா பம்பு வெச்சி உறிஞ்சிடுவோம். குக்கருக்கு தலகீழ்னு வெச்சிக்கோங்க. குக்கருல அழுத்தம் ஏறும், இதுல ஒண்ணுமே இருக்காது. செம்பு உருகி நிக்கறப்போ, உள்ள மாட்டிகினு இருந்த காத்து, சுளுவா ஆவியாவற அழுக்கு, அதெல்லாம் தானா கெளம்பி வெளிய வந்துடும். தண்ணிய கொதிக்க வெச்சா ஆவி போவுதே, அந்த மாதிரி.

அடிபட்டவரு இலியாஸ் பாய். அடுப்பு அவரு பொறுப்பு. அரக்கோணத்துலேருந்து வர்றவரு. இப்ப ஆஸ்பத்திரியில ரெண்டு கண்ணும் கட்டி வெச்சிருக்காங்க. பார்வை வருமான்னு கேட்டா, கட்டு பிரிச்சாதான் தெரியும்ங்கறாங்க.

இன்னா நடந்துச்சுன்னா, மூடியில ஒரு கண்ணாடி இருக்கும், அது வழியாத்தான் உருக்க பாப்போம். அன்னிக்கு அந்த கண்ணாடி மொத்தமா சாம்பல் பூசின மாதிரி மறஞ்சி போச்சாம். ஒண்ணும் தெரியல. பாய் ஒடனே கரண்ட்ட நிறுத்திட்டாரு. நல்லா ஆற வெச்சாரு. காத்த கொஞ்சம் கொஞ்சமா உள்ள வுட்டாரு. எல்லாம் முறையாத்தான் பண்ணாருன்னு பெருமாள் அண்ணன் சத்தியம் பண்றாரு. மூடிய தூக்கினதுதான் தாமசம், உள் சுவத்துல ஒட்டிகினு இருந்த தூளு பொக்குனு தீப்புடிச்சி அவரு மூஞ்சியில அடிச்சிச்சாம்.

ஆபீசுல இன்னா சொல்றாங்க தெரியுமா? ஆறறதுக்குள்ள தொறந்துட்டான், அவசரக்குடுக்கன்னு. இன்னிக்கு மூணு மணிக்கு விசாரணை. அவரு மேல தப்புன்னு முடிவாச்சின்னா வேலயும் போச்சி, கம்பெனி பாக்கற வைத்தியமும் நின்னுடும்.

அதுகூட பரவால்லீங்க. நேத்து போயி பாத்தேன். என் குரல கேட்டதும், பாப்பா, நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு, நான் எந்த எடத்துல தப்பு பண்ணேன்னு கேக்கறாரு. திரும்பத் திரும்ப அதே. வால்வ சீக்கிரம் தொறந்துட்டனா, பம்ப முன்னாடியே நிறுத்திட்டனான்னு. தப்ப ஒத்துகினு கையெழுத்து போட்டுடறேன், பாவம் பெருமாள இழுக்காதீங்கங்கறாரு. ஷபீனா அக்கா, அவரு சம்சாரம், பக்கத்துல நின்னுகினு என் மூஞ்சியவே பாக்கறாங்க. எனக்கு சோறு எறங்கலீங்க.

வேலுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தமா? சொல்றேன்.

நான் கம்பெனி லேபுல இருக்கறவ, அந்த தூள சொரண்டி டெஸ்ட் போட்டேன். துத்தநாகம். எங்க செம்புல அது கெடயவே கெடயாது. பித்தளயிலதான் இருக்கும். செம்பும் துத்தநாகமும் சேந்தாதான பித்தள. காத்தில்லாத அடுப்புல பித்தளய போட்டா, துத்தநாகம் கொதிச்சி ஆவியாப் போயி, சில்லுனு இருக்கற சுவத்துல மாவு மாதிரி படிஞ்சிடும். அவ்ளோ நைஸான மாவு. காத்து பட்டா எரிய எந்த நேரமும் தயாரா நிக்கும். அப்ப பாய் ஆற வெச்சிருந்தாலும் ஒண்ணுதான், வெக்கலன்னாலும் ஒண்ணுதான். புரியுதுங்களா? அவரு ஒரு தப்பும் பண்ணல!

சரி, சத்தம் போடல. மன்னிச்சிக்கோங்க.

பித்தள எப்படி வந்துச்சின்னுதான கேக்கறீங்க. அன்னிக்கு புதுப் பானை மாத்தி மொத உருக்கு. உருக்கற பானை மாத்தினா எங்க ஷெட்டுல பூஜை போடுவாங்க. வூட்டாளுங்கள எல்லாம் வரச் சொல்லியிருந்தோம். எலுமிச்சம்பழம், கற்பூரம், சுண்டல். பாயும் நின்னு சுண்டல் வாங்கிப்பாரு. அப்போ ஒருத்தரு, மடியிலேருந்து இதே மாதிரி ஒரு வேல் எடுத்து, கண்ணுல ஒத்திகினு, பானையில அடுக்கியிருந்த செம்புக்கு நடுவுல சொருகிட்டாராம். கோயிலுக்கு மணி வார்க்கும்போது ஊரு சனம் ஆளுக்கு ஒரு பொட்டு பொன்னோ வெள்ளியோ போடுதே, அந்த நெனப்பு. முருகனுக்கு ஒண்ணு போட்டா அடுப்பு நல்லா ஓடும்னு. பெருமாள் அண்ணன் பாத்துகினுதான் இருந்தாரு. செம்போட செம்பு சேரட்டுமேன்னு வுட்டுட்டாராம். பாய் அந்தாண்ட பம்பு பக்கம் இருந்தாரு, பாக்கவே இல்ல.

யாரா இருந்தா இன்னாங்கணா. ஒரு வயசானவரு. அவரு ஒரே புடியா, அது செம்புதாம்மா, மலையடிவாரத்துல செம்புன்னு கேட்டு வாங்கினதுங்கறாரு. உங்க கடை அடையாளம் சொன்னாரு. படிக்கட்டு ஆரம்பத்துல, தேங்காக் கடைக்கு அடுத்தது.

கோவப்படாதீங்க. நீங்க ஏமாத்தினீங்கன்னு சொல்லவே இல்ல. மூட்டையில வருது, செம்புன்னு சொல்லி குடுக்கறான், நீங்களும் நம்பி விக்கறீங்க. யாரு இத்த அடுப்புல போடுவாங்கன்னு நெனைப்பாங்க? சாமி முன்னாடி வெக்கறதுக்கு பித்தளயா இருந்தா இன்னா.

காந்தம் வெச்சா தெரியாதுங்க. ரெண்டுமே ஒட்டாது. மேல முலாம் பூசியிருந்தா கண்ணுக்கும் தெரியாது. தேய்ச்சிதான் பாக்கணும். பையில அரம் கொண்டாந்திருக்கேன். இந்தாங்க, மொதல்ல காசப் புடிங்க. இப்ப இது என்னுது. நான் தேய்ச்சா சாமி குத்தம் உங்களுக்கு இல்ல.

வேலோட கம்பிய கொஞ்சம் புடிச்சிக்கிறீங்களா. ஓம் போட்ட பக்கம் வேணாம், அடியில தேய்க்கறேன்.

செவப்பாத்தான் இருக்கு இல்ல? நெஜமா செம்பா இருந்தா நான் எங்க போவேன்ணா. செம்பா இருந்தா, அப்ப துத்தநாகம் எப்படி வந்துச்சின்னு பாய்தான் மாட்டிப்பாரு. பித்தளயா இருந்தா, வெளியாளு கைய வுட்டது எப்படி, அவர வரவெச்சது யாருன்னு கேப்பாங்க. வரவெச்ச ஆளுக்கு வேல இருக்காது. ரெண்டுல எது வரணும்னு வேண்டிக்கறதுன்னே தெரியாமதான் நூறு படி ஏறிட்டு பாதியில எறங்கி வந்தேன்.

எனக்கு இன்னா பயம்னு கேக்கறீங்களா? எங்க வூட்ல மொத மொத காலேஜு போனவ நாந்தாங்க. அம்மையார்குப்பம், தறிக்காரங்க. இந்த வேல கெடச்சப்போ தெருவே வந்து பாத்துட்டு போச்சி.

இருங்க. இன்னும் ரெண்டு இழுப்பு.

அந்த வெயில்ல காட்டுங்க. கொஞ்சம் திருப்புங்க.

மஞ்ச.

மஞ்சதான இது? நீங்களும் பாத்தீங்க இல்ல? நல்லா பாத்துட்டு சொல்லுங்க. ஆங். இது கேட்டது இல்ல. இப்ப நானே தேய்ச்சி பாத்தது. இத்தத்தான் ஆபீசுல மேஜ மேல வெக்கணும். பாய்கிட்ட போயி அவரு கையில குடுக்கணும். தடவிப் பாத்தா பாவம் அவருக்கு இன்னா தெரியும், இருந்தாலும் குடுக்கணும்.

சரிங்கணா, மூணு மணிக்குள்ள போவணும். கெளம்பறேன்.

ஒரே ஒரு ஒதவி. அதோ சோடாக் கடை நெழல்ல ஒருத்தரு நிக்கறாரு பாருங்க, தோள்ல துண்டு, வெரலெல்லாம் நீலச் சாயம். உங்ககிட்ட வேல் வாங்கினவரு, நெனவு வருதா? ஆங், பேரம் பேசியிருக்க மாட்டாரு. சாமி காரியத்துக்கு எங்க நைனா பேரமே பேசமாட்டாரு. நீங்க உங்க வாயால செம்புன்னு சொல்லிட்டா எல்லாம் சரியா பூடும்னு நம்பிகினு என் கூட வந்திருக்காரு. இந்தப் பக்கம் வந்தாருன்னா நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க. பஸ்ஸுல நானே சொல்லிக்கறேன்.

பேப்பர் இருந்தா சுத்திக் குடுங்க. அந்த தேய்ச்ச எடம் வெளிய தெரியாம.