அலையாத்திக் காட்டுக்கு வீடு பார்க்க வந்தவர்கள்

சோணைமுத்து: தம்பி, படகை இங்கனயே நிறுத்துங்க. அங்கன பாருங்க... சேத்துக்குள்ள இருந்து விரலு விரலா நீட்டிக்கிட்டு நிக்கிது!

முனீஸ்வரன்: அது வேரு மாமா. அலையாத்தி மரத்து வேரு. மூச்சு விட மேல வந்து நிக்கிது.

சோணைமுத்து: வேரு மூச்சு விடுதா? கேட்டியா துர்கா, பேயிதான்னு அவரே ஒத்துக்கிட்டாரு!

துர்காதேவி: அய்யா... பள்ளிக்கூடப் புத்தகத்துலயே இருக்குய்யா.

சோணைமுத்து: புத்தகத்துல என்ன வேணாலும் எழுதுவான். நான் படத்துலயே பாத்தேன்!

முனீஸ்வரன்: இங்கன எடுத்தாகளே, அந்தப் பேய்ப் படமா மாமா?

சோணைமுத்து: இன்னும் பூவே வைக்கல, அதுக்குள்ள மாமாங்காதீக. ஆமா, அதேதான். பேயி, முதலை, பொணம்... இவ அதையே நாலு தடவை போட்டுப் பாத்தா. நெஞ்சழுத்தக்காரி.

முனீஸ்வரன்: முதலையெல்லாம் கம்ப்யூட்டர்ல செஞ்சது. இங்கன நண்டும் கொக்கும்தான். தெனம் டூரிஸ்டுகளை ஏத்திட்டுப் போறேன், ஒருத்தரும் கொறையல.

சோணைமுத்து: எண்ணித்தான் எறக்குறீகளா?

முனீஸ்வரன்: லைஃப் ஜாக்கெட்டை எண்ணுவேன்... சரியா இருக்கும்.

சோணைமுத்து: ஆத்தாடி!

துர்காதேவி: வீடு பாக்கத்தானே நம்ம ஊரு சிக்கல்ல இருந்து வந்தோம்? வீட்டைப் பாத்துட்டுப் போயிருக்கலாம்ல?

சோணைமுத்து: கொல்லையில காடு இருந்தா அதையும்தான் பாக்கணும். மாப்பிள்ளை வீடு பாக்கப் போகயில பொண்ணைக் கூட்டிட்டுப் போறது வழக்கமில்லைன்னு உங்கம்மா கத்துனா. எனக்குத்தான் தனியா வர...

துர்காதேவி: பயம்.

சோணைமுத்து: பயமில்ல. பேச்சுத் தொணை.

முனீஸ்வரன்: புயலடிச்சா அலையை மறிச்சு எங்க வீட்டைக் காக்குறதே இந்தக் காடுதான் மாமா. எறாக்குஞ்சு, மீன்குஞ்சு எல்லாம் இந்த வேருக்குள்ளதான் வளருது. அதைக் காட்டுனா படம் ஓடாதாம்.

சோணைமுத்து: அது கெடக்கட்டும். அந்தப் பொணம்? அதுவும் கம்ப்யூட்டரா?

முனீஸ்வரன்: அந்தா கொக்கு பறக்குது பாருங்க மாமா.

சோணைமுத்து: மிதந்து வந்து இந்த வேருலதானே சிக்குச்சு? மூணு நாளு எனக்குச் சோறு எறங்கல. அது நெசப் பொணம், சத்தியமே பண்ணுவேன்!

முனீஸ்வரன்: அது... வந்து...

சோணைமுத்து: பாத்தியா, முழிக்கிறாரு! செத்தது யாரு? சொல்லுங்க. இல்லாட்டி இந்தச் சம்பந்தம் இங்கனயே முடிஞ்சது.

முனீஸ்வரன்: நான்தான் மாமா.

சோணைமுத்து: என்னது!

முனீஸ்வரன்: பொணமா நடிக்க வந்த ஆளு சேத்தைப் பாத்ததும் ஓடிட்டாரு. என்னையப் படுக்கச் சொன்னாக... பிரியாணி வேற குடுத்தாக. தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டீகன்னுதான் சொல்லல. மாமா, எந்திரிக்காதீக, படகு ஆடுது!

சோணைமுத்து: திருப்புங்க படகை! செத்துக் கெடந்த மூஞ்சியை நான் மணவறையில உக்கார வைக்கவா? ஏத்தா... நீ எதுக்குச் சிரிக்கிற?

துர்காதேவி: மூக்குல நண்டு ஏறயில அந்தப் பொணம் லேசாச் சிரிச்சுச்சுய்யா. நீங்க கண்ணைப் பொத்திக்கிட்டீக, நான் பொத்தல. யாரு எந்த ஊருன்னு விசாரிச்சு, தரகரு வாயில இந்த வீட்டைப் போட்டதே நான்தான்.