கடைசிச் சரணத்தின் மேல்

நிவன்: டீயில சர்க்கரை போட்டியா?

ஷோனா: போட்டேன். கலக்கிக் குடிங்க, பாடகரே.

நிவன்: கிரேம், கடைசிச் சரணம் மட்டும் இன்னொரு தடவை எடுத்துடலாம்.

கிரேம்: டேப்புல இடம் இல்லப்பா. இப்ப பாடினா பழசு அழிஞ்சு அது மேலதான் பதியும். பழசு நல்லாத்தான் இருக்கு.

நிவன்: நல்லா இருக்குன்னா... சுமாரா இருக்குன்னு அர்த்தம்.

ஷோனா: பதினோரு தடவை ஆச்சு. கம்ப்யூட்டர்ல எடுத்திருந்தா பதினொண்ணையும் வச்சுக்கிட்டு நல்லதாப் பொறுக்கியிருக்கலாம்.

நிவன்: அது பாட்டு இல்லடி, பொறுக்கல். டேப்புல போனது போனதுதான். அந்தப் பயத்தோட பாடினாத்தான் குரல்ல சூடு ஏறும்.

ஷோனா: சூடாம். என் டிரம்ஸை விட உன் இருமல்தான் சத்தமாக் கேக்குது.

நிவன்: டேப் அதையும் அழகா வாங்கிக்கும்.

கிரேம்: உங்க குடும்பச் சண்டைக்கு என் ஸ்டூடியோதான் கிடைச்சுதா? தயாரா இரு. பதிவு ஓடுது... யாருய்யா அது, கதவை இடிக்கிறது?

நிவன்: உன் காரை எடுக்கணுமாம். படகு இறக்கற வழியில நிக்குதாம்.

கிரேம்: இந்த மழையிலயா? இரு, வந்துட்டேன்.

*

ஷோனா: வெள்ளிக்கிழமையோட நிவன் செத்து ஒரு வருஷம், கிரேம். அன்னிக்குப் போடறதுக்கு அந்தக் கடைசி டேப்பைக் குடு.

கிரேம்: சொன்னேனே. பிசுபிசுத்துப் போச்சு. ஓடவிட்டா மேல்பூச்சு உரிஞ்சுடும்.

ஷோனா: அடுப்புல லேசா வாட்டினாச் சரியாயிடும். நிவன் எங்க வீட்டு அடுப்புல ரெண்டு டேப் வாட்டியிருக்கான். அன்னிக்கு எனக்குச் சாப்பாடு கிடையாது.

கிரேம்: எல்லா டேப்பும் அப்படிச் சரியாகாது...

ஷோனா: பழசுதான் பிசுபிசுக்கும். அது புதுசு. உறையைக் கிழிச்சதே நான்தான். சொல்லு.

கிரேம்: கடைசிச் சரணம் அழிஞ்சு போச்சு. பதிவை நிறுத்தாம காரை எடுக்கப் போனேன்ல, அப்ப.

ஷோனா: அவன் பாடவே இல்லையே.

கிரேம்: பாடாட்டியும் அழியும்.

ஷோனா: அப்ப அந்த இடத்துல வெறும் இரைச்சலா?

கிரேம்: ஆமா.

ஷோனா: வெறும் இரைச்சலுக்கா ஒரு வருஷமாப் பொய் சொன்ன?

கிரேம்: ...மைக் திறந்திருந்தது, ஷோனா. நீங்க ரெண்டு பேரும் பேசினது இருக்கு.

ஷோனா: கேட்டியா?

கிரேம்: ஒரே ஒரு தடவை.

ஷோனா: என்ன இருக்கு?

கிரேம்: வேணாம் விடு.

ஷோனா: சரி, நானே சொல்றேன். 'உன் குரல் செத்து பத்து வருஷம் ஆச்சு. உன்கிட்ட சொல்லத்தான் யாருக்கும் தைரியம் இல்ல. கிரேமுக்கும்தான்.' சரியா இருக்கா?

கிரேம்: ம்.

ஷோனா: அவன் என்ன சொன்னான்? அது மட்டும் எனக்கு ஞாபகம் இல்ல.

கிரேம்: ஒண்ணும் சொல்லல. கிட்டாரைக் கீழ வைக்கிற சத்தம். அப்புறம் கதவு.

ஷோனா: வெளியில உன்னைப் பாத்தானா?

கிரேம்: கை காட்டிட்டுத்தான் வண்டியை எடுத்தான். சிகரெட் வாங்கப் போறான்னு நினைச்சேன். துறைமுக ரோட்டு வளைவுல, அந்த ஈரத்துல யாருக்கு வேணாலும் வண்டி வழுக்கும்... நீ காரணம் இல்ல.

ஷோனா: கேட்டேனா நான்?

கிரேம்: கோபத்துல வாயில வந்தது. மிஷின் ஓடறது உனக்கு எப்படித் தெரியும்? நீ கேட்டு உடையக்கூடாதுன்னுதான் மறைச்சேன். குடுத்துடறேன், அந்தத் துண்டை மட்டும் வெட்டிட்டு...

ஷோனா: வெட்டாத. பதிவு விளக்கு எரியறதப் பாத்துட்டுத்தான் சொன்னேன். வீட்ல எத்தனையோ தடவை சொல்லிட்டேன், சிரிச்சே மழுப்பிடுவான். டேப்புல ஏறிட்டா மழுப்ப முடியாதுன்னு நினைச்சேன்... முதல் ரெண்டு சரணம் அப்படியே இருக்குல்ல? அதைப் போடு. அதுல நல்லாத்தான் பாடியிருக்கான்.